விக்டோரியா பள்ளியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போய் வராத தோட்டக் குடும்பம் நம் சிலாங்கூரில் அரிது. முன்கூட்டியே கோலாலம்பூருக்குச் சென்று, மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் புறப்படுவதைக் கண்ணாரக் கண்டவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தக் கோயில் இருக்கும் துன் எச். எஸ். லீ சாலைக்கு ஒரு காலத்தில் ஹை ஸ்திரீட் என்று பெயர். அதே தெருவில்தான், கிள்ளான் ஆற்றை ஒட்டினாற்போல, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்ற பெரிய பள்ளிக்கூடம் பிறந்தது. ஊரார் அதைச் சுருக்கமாக வி.ஐ. என்பார்கள். கோயிலையும் பள்ளியையும் சேர்த்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

"பந்திங்கிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தப் பள்ளிக்கா நம் பிள்ளை போகப் போகிறான்? அதன் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகள் பந்திங்கிலோ, தெலுக் டத்தோவிலோ, ஜெஞ்சாரோமிலோ உள்ள இடைநிலைப்பள்ளிக்குத்தான் போவார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளில் இன்று நடைபெறும் பல காரியங்கள், அதாவது இல்ல விளையாட்டுப் போட்டி, மாணவர் தலைவர்கள், சாரணர் படை, கழகக் கூட்டங்கள், பள்ளி ஆண்டு மலர் ஆகிய இவையெல்லாம் வி.ஐ. போன்ற பழைய பெரிய பள்ளிகளில் வேர்பிடித்துப் பிறகு நாடெங்கும் பரவியவை. அவை எதற்காக ஏற்பட்டன என்று தெரியாத காரணத்தால் நம் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன்.

1887ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியார் பட்டத்துக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்தது. அந்தப் பொன்விழாவின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று சிலாங்கூரில் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். திரட்டிய பணம் செலவாகாமலே சில ஆண்டுகள் கிடந்தது. அப்போது சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் டிரீச்சர், அந்தப் பணத்தைக் கொண்டு ஓர் ஆங்கிலப் பள்ளி கட்டலாம் என்றார். 1893 ஆகஸ்ட் 14ஆம் நாள் அவருடைய மனைவியார் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு பள்ளி திறந்தது. பென்னட் ஷா என்பவர் முதல் தலைமையாசிரியராக வந்து, 1894 முதல் 1922 வரை இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்தார். ஒரு தலைமையாசிரியர் அத்தனை காலம் ஒரே பள்ளியில் இருப்பதென்பது இன்று நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

பொன்விழாப் பணம் மட்டும் போதவில்லை. அரசாங்கம் கொஞ்சம் கொடுத்தது. ஊர்ப் பெரியவர்களும் கொடுத்தார்கள். அப்படி முன்வந்தவர்களில் மூன்று பெயர்களை முக்கியமாகச் சொல்வார்கள். ஒருவர் சீனர் தலைவரான காப்பித்தான் யாப் குவான் செங். இன்னொருவர் ஈயச் சுரங்கச் செல்வர் லோக் இயூ. மூன்றாமவர் தம்புசாமிப் பிள்ளை.

ஆம், நீங்கள் நினைக்கும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். ஹை ஸ்திரீட் மாரியம்மன் கோயிலின் நிறுவனர். பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர். இவர் சிங்கப்பூரில் 1850இல் பிறந்து அங்கே ராபிள்ஸ் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டான டேவிட்சனுடன் எழுத்தராக இங்கே வந்தார். அரசாங்க வேலையில் உயர்ந்து, பிறகு அதை விட்டு, லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். கோயிலுக்குக் கொடுத்த கை பள்ளிக்கும் கொடுத்தது. வி.ஐ.யின் தொடக்ககால அறங்காவலர்களில் அவரும் ஒருவர். பள்ளியின் இல்லங்களில் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோலாலம்பூரில் அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு. பத்துமலையில் நம்மவர் அவரை மறப்பதில்லை. ஆனால் அவர் ஒரு பள்ளிக்கூடத்திற்கும் தூணாக நின்றார் என்பதைக் கோயிலில் கூடும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது எனக்கு ஒரு குறைதான்.

வி.ஐ. எந்த மதச் சபைக்கும் சொந்தமான பள்ளியன்று. எந்த இனத்தாரும் எந்தச் சமயத்தாரும் சேரலாம் என்பது அதன் அடிப்படை விதி. ஆகவே மலாய், சீன, தமிழ், சீக்கிய, யுரேசியப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய காரியம். ஆனால் எல்லாருக்கும் திறந்த கதவு என்று அதைச் சொல்லிவிட முடியாது. சம்பளம் கட்டித்தான் படிக்க வேண்டும், பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அங்கே படித்த தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பட்டணத்துப் பிள்ளைகள். இரயில்வே, அரசாங்கக் கிராணிமார் முதலியோரின் மக்கள்.

அதே சமயத்தில் நம் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. எப்படிப்பட்ட பள்ளி? சில இடங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு பக்கம்தான் பள்ளிக்கூடம். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். காலையில் பிள்ளைகள் தாய் தகப்பனுக்குத் துணையாக வெளிக்காட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு மணி அடிப்பார்கள். பெரும்பாலும் நான்காம் வகுப்போடு படிப்பு முடியும். அதற்கு மேல் போக ஏணி இல்லை. தம்புசாமிப் பிள்ளை கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கும் ஆயாக்கொட்டகைப் பள்ளிக்கும் நடுவே ஒரு பாலம் போட இந்த நாட்டுக்கு மேலும் ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

ஆற்றங்கரைப் பள்ளியில் வெள்ளத் தொல்லை அதிகம், இடமும் பற்றவில்லை. ஆகவே பெட்டாலிங் குன்றின் மேல் புதிய கட்டடம் எழுப்பினார்கள். 1929 மார்ச் 26ஆம் நாள் ஹை கமிஷனர் சர் ஹியூ கிளிப்பர்ட் அதைத் திறந்து வைத்தார. மணிக்கூண்டும் அகன்ற திடலும் கொண்ட அந்த வெள்ளைக் கட்டடம்தான் இன்றும் பள்ளியாக இருக்கிறது. மெர்டேக்கா அரங்கம் அதற்குப் பக்கத்தில் பின்னாளில் எழுந்தது.

நான் இங்கே சற்று நிறுத்திச் சொல்ல விரும்புவது, 1923இல் தலைமையாசிரியராக வந்த ரிச்சர்ட் சிட்னியைப் பற்றி. அவர் அந்தப் பதவியில் இருந்தது மூன்று நான்கு ஆண்டுகளே. ஆனால் பள்ளி என்பது காலையில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு மத்தியானம் பூட்டிவிடும் இடம் என்ற நினைப்பை அவர் ஏற்கவில்லை. மாணவர்களைக் கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையேற்றினார். சாரணர் இயக்கத்தை ஊக்கினார். பள்ளிக்கென்று ஓர் இதழ் வெளிவரச் செய்தார். 'தி விக்டோரியன்' என்பது அதன் பெயர். மலாய்க்காரப் பையனும் சீனப் பையனும் தமிழ்ப் பையனும் வேற்று நாட்டு அரசன் வேடம் கட்டி, வேற்று மொழியில் வசனம் பேசி நடிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். வெள்ளைக்காரன் மொழியையும் வழக்கத்தையும் உயர்த்திப் பிடித்தார்கள் என்ற குறையும் அதில் உண்டு. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் நிமிர்ந்து நின்று, கை கால் நடுங்காமல் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு எந்த நேர்முகத் தேர்வுக்கு அஞ்சுவான்?

பிறகு யுத்தம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய இராணுவம் அந்தக் கட்டடத்தைத் தன் அலுவலுக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. யுத்தத்திற்குப் பிறகு பள்ளி மீண்டும் நிமிர்ந்தது. ஆண்பிள்ளைகள் பள்ளியாக இருந்த அதன் ஆறாம் படிவத்தில் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலானார்கள். புருணை சுல்தான் ஹசனால் போல்கியாவும் 1960களின் தொடக்கத்தில் அங்கே படித்த மாணவரே.

இனி அந்தப் பாலத்தின் கதைக்கு வருவோம். 1956இல் ரசாக் அறிக்கை வந்தது. தமிழ்ப்பள்ளியும் நாட்டின் கல்வி அமைப்பின் ஓர் அங்கம் என்று அது வகைப்படுத்தியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியின் மொழிக்குப் பழகிக்கொள்ளப் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு ஏற்பாடும் வந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிலேயே படிப்பு முடிந்தது. அவன் அப்பனோடு வெளிக்காட்டுக்குப் போக வேண்டியதுதான். 1964இல் அந்தத் தேர்வு நின்றது. மறு ஆண்டு முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை, அதாவது மொத்தம் ஒன்பது ஆண்டு, படிக்க வழி பிறந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறத் தொடங்கின; 1980களின் தொடக்கத்தில் அந்த மாற்றம் ஆறாம் படிவம் வரை நிறைவேறியது. வி.ஐ.யும் அப்படியே மாறியது. அன்று பணமும் ஆங்கிலமும் காவல் காத்த வாசல், இன்று மற்ற அரசாங்கப் பள்ளிகளின் வாசலைப் போன்றதே.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி அந்த வாசலில் நுழைந்தவர்களும் உண்டு. எல்லாரும் அறிந்தவர் டி. ஆனந்த கிருஷ்ணன். 1938இல் பிரிக்பீல்ட்சில் பிறந்தவர். அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வி.ஐ.க்குப் போனார். பிறகு உபகாரச் சம்பளம் பெற்று ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன் பின் அமெரிக்காவில் ஹார்வர்ட். நம் வீடுகளில் வானவில் ஒளியலையைக் கொண்டு வந்த அஸ்ட்ரோ நிறுவனம் அவருடையதாக இருந்தது. 2024 நவம்பரில் காலமானார். அவர் லயத்து வீட்டில் பிறந்தவர் அல்லர், அரசாங்க ஊழியரின் மகன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "தமிழ்ப்பள்ளியில் படித்தால் மேலே போக முடியாது" என்று உங்களிடம் யாராவது சொன்னால், பதில் சொல்ல அவர் ஒருவர் போதும்.

சரி, பெரிய பள்ளிக்குள் என்னதான் நடக்கிறது? வகுப்பறைப் பாடத்தைப் பற்றி நீங்கள் ஓரளவு அறிவீர்கள். மீதியைச் சொல்கிறேன்.

ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளை தொலைந்து போவது சுலபம். ஊரை விட்டுப் போவதைச் சொல்லவில்லை. கூட்டத்துக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் கிடப்பதைச் சொல்கிறேன். நம் தோட்டப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் இருந்தால் அறுபது பேரையும் பெயர் சொல்லி அழைப்போம். பெரிய பள்ளியில் அது நடக்காது. அதற்காகத்தான் பள்ளியை இல்லங்களாகப் பிரித்தார்கள். தம்புசாமி இல்லம், லோக் இயூ இல்லம், ஷா இல்லம் என்று வி.ஐ.யில் இருப்பதைப் போல, நம் பந்திங் பள்ளிகளில் வேறு பெயரிலோ நிறத்திலோ இருக்கும். ஒரு பிள்ளை ஓடினாலும் குண்டு எறிந்தாலும் அது அவன் இல்லத்தின் கணக்கில் சேரும். பெரிய கூட்டத்திற்குள் அவனுக்கு ஒரு சின்ன வீடு.

அடுத்தது புறப்பாட நடவடிக்கை. ஒவ்வொரு மாணவரும் ஒரு விளையாட்டிலும், ஒரு கழகத்திலும், ஒரு சீருடை இயக்கத்திலும் சேர வேண்டும். சீருடை இயக்கம் என்றால் சாரணர், செம்பிறைச் சங்கம், முதலுதவிப் படை, தீயணைப்புக் கேடட் இப்படிப் பல. கழகங்களில் தமிழ்மொழிக் கழகமும் உண்டு. இவை விளையாட்டுக்காக மட்டும் நடப்பவை என்று எண்ணிவிடாதீர்கள். வருகை, வகித்த பொறுப்பு, எந்த அளவில் போட்டியிட்டான், என்ன பரிசு பெற்றான் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது மொத்தப் புள்ளி 100 என்றால், 90 தேர்வுக்கு. 10 இந்தப் புறப்பாட நடவடிக்கைகளுக்கு. பத்துத்தானே என்று தோன்றும். ஒரே தேர்ச்சியுடன் நூறு பேர் ஓர் இடத்திற்குக் காத்திருக்கும்போது, அரைப் புள்ளி கூட ஒருவனை உள்ளே தள்ளும், இன்னொருவனை வெளியே நிறுத்தும்.

இதைச் சொல்ல எனக்கு அனுபவம் இருக்கிறது. நானும் தோட்டப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்புக்குப் போனவன்தான். அப்பா பால்மரம் சீவினார்; அம்மா களை பிடுங்கும் வேலை. மத்தியானம் ஒன்றேகால் மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வண்டி வரும். அதை விட்டால் சாலை முனையில் இறங்கி, மரங்களுக்கு நடுவே மூன்று மைல் நடக்க வேண்டும். சாரணர் கூட்டம் இரண்டரை மணிக்கு. நான் என்றைக்கு இருந்தேன்? பெயர் பதிவேட்டில் இருந்தது. ஆள் வண்டியில் இருந்தேன். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில், "பள்ளியில் என்ன பொறுப்பு வகித்தாய்?" என்று கேட்டார்கள். வாயைத் திறக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு மறுபடியும் விண்ணப்பித்து உள்ளே போனேன். இடைப்பட்ட ஓராண்டு செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கினேன். அதில் வெட்கமில்லை, ஆனால் அந்த ஓர் ஆண்டு ஒன்றேகால் மணி வண்டிக்குப் போனது என்பது மட்டும் இன்றும் மனத்தில் இருக்கிறது.

ஆகவே பெற்றோர்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். பிள்ளையை முதல் படிவத்தில் சேர்க்கப் போகும் நாளில், கட்டணமும் புத்தகமும் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். புறப்பாட நடவடிக்கை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். சீருடைக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். ஓர் இயக்கத்தின் சீருடை மலிவாக இருக்கும், மற்றொன்று கூடுதலாக இருக்கும். படித்து முடித்த அண்ணன் அக்காமாரின் சீருடை தோட்டத்திலேயே கிடைக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தான் பல பிள்ளைகள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பரிசு, பங்கேற்பு என்று எந்தச் சான்றிதழ் வந்தாலும், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்; ஆறு ஆண்டுகள் கழித்து அது வேண்டியிருக்கும். இன்னொன்று: பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்பதற்கு ஆளில்லாத பள்ளியில் அந்த வகுப்பு தானாக வராது.

பெண்பிள்ளையாக இருந்தால், "இருட்டுகிற நேரத்தில் எப்படி அனுப்புவது?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். அந்தக் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில பெற்றோர் ஒரு வழி கண்டார்கள். பதினோரு பிள்ளைகள் இரண்டு பள்ளிகளில் படிக்கிறார்கள். கூட்டம் நடக்கும் புதன்கிழமைக்கு மட்டும் ஒரு வேன் பேசி, செலவைப் பதினோரு வீட்டிலும் பங்கிட்டுக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருவராகப் பெற்றோரில் ஒருவர் வேனில் கூடப் போய் வருகிறார். முதல் வாரம் போனவர் ஒரு பிள்ளையின் பாட்டி. திடல் ஓரத்தில் ஐந்தரை மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "புள்ளைங்க கையைக் கையை ஆட்டிக்கிட்டு நடக்குதுங்க வாத்தியாரே, எதுக்குன்னுதான் தெரியல. ஆனா நம்ம புள்ள முன்னால நிக்குது" என்றார்.

அந்தப் பெண் இப்போது செம்பிறைச் சங்கத்தின் செயலாளர்.